கணினிச் சேமிப்புச் சாதனங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் கணினி வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள், பெற்றோர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்று மூன்று தரப்பும் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை சேமிப்பைப் பற்றியவை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே பதிலை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது மேல். கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளை கையில் எடுத்து, திறந்து, அளந்து பார்க்கட்டும் என்பவள் நான். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஆண்டு 4 பிள்ளைக்குச் சேமிப்புச் சாதனத்தைப் பற்றி எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

மின்சாரத்திலிருந்து. மின்சாரம் நின்ற பிறகும் எழுதியதை மறக்காமல் வைத்திருக்கும் பொருள் எதுவோ, அது சேமிப்புச் சாதனம். வன்தட்டு, விரலி (பென்டிரைவ்), நினைவக அட்டை, குறுவட்டு, கைப்பேசிக்குள் ஒட்டியிருக்கும் சில்லு எல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். முதன்மை, துணை என்று வகை பிரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் "8 ஜிபி, 256 ஜிபி" என்று இரண்டு எண் சொல்கிறார்கள். இரண்டும் நினைவகம்தானே?

முதல் எண் ரேம். கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது மட்டும் தரவை ஏந்திக்கொள்ளும் இடம் அது. மிக வேகமானது, மின்சாரம் நின்றால் காலி. இரண்டாவது எண்தான் சேமிப்பு. பாடநூலில் முதன்மை நினைவகம் என்று வருவது ரேம் வகை. வன்தட்டும் விரலியும் துணை நினைவகம்.

இதைப் பால்மரத்தை வைத்துத்தான் சொல்வேன். வெட்டிய ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், சொட்டிக்கொண்டிருக்கும் பால், ரேமில் இருக்கும் தரவு. எடுப்பதற்குள் மழை அடித்தால் அன்றைய பாடு வீண். வாளியில் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் மழை பெய்தால் பெய்யட்டும். 'சேமி' என்று சொடுக்குவது ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இப்போது பார்க்கும் இடமெல்லாம் செம்பனை. மங்கையே பார்க்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்வேன். பாட்டிகள் என்னைவிட நன்றாக விளக்கி அனுப்புகிறார்கள்.

நோட்பேடில் எழுதி, சேமிக்காமல் கணினியை நிறுத்திக் காட்டினேன். திரும்பப் போட்டால் எழுதியது அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என்ன செய்வது?

விண்டோஸ் 11இல் வரும் நோட்பேட், நீங்கள் சேமிக்காததையும் தானே ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்கிறது. பழைய பாடத்திட்டக் குறிப்புகள் இதை அறியா. பெயின்ட் செயலியில் ஒரு படம் வரையச் சொல்லி, அதை வைத்துச் சோதியுங்கள். மேசைக் கணினியாக இருக்க வேண்டும். மடிக்கணினியில் மின்கம்பியைப் பிடுங்கினாலும் மின்கலம் தாங்கிக்கொள்ளும். போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் பழைய இயந்திரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

நோட்பேடில் ஏன் பிழைத்தது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். மின்சாரம் போயும் இருக்கிறதென்றால் அது எங்கோ ஒரு சேமிப்புச் சாதனத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிரித்த பிள்ளைகளில் ஒன்று கட்டாயம் இதைச் சொல்லும்.

எங்கள் வீட்டில் கணினி இல்லை, என் கைப்பேசி மட்டும்தான். அதை வைத்து மகனுக்கு என்ன சொல்லித் தர முடியும்?

முக்கால்வாசிப் பாடத்தையும் சொல்லித் தரலாம். அமைப்புகளுக்குள் போய்ச் 'சேமிப்பகம்' என்பதைத் திறந்தால், படங்கள் எவ்வளவு, காணொளிகள் எவ்வளவு, செயலிகள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். மகனை அதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு படம், ஒரு குரல் பதிவு, ஒரு நிமிடக் காணொளி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மறுபடி பார்த்து எழுதட்டும். ஒரு படம், ஒரு குரல் பதிவு, ஒரு காணொளி மூன்றில் எது அதிகம் விழுங்குகிறது என்பதை அவனே உங்களிடம் சொல்வான். புலனத்தில் வந்து குவிந்திருக்கும் காலை வணக்கப் படங்களின் மொத்த எடையைக் கண்டு நீங்கள் அதிர்ந்தால் நான் பொறுப்பல்ல.

நெகிழ்வட்டு, குறுவட்டெல்லாம் இன்னும் சொல்லித் தர வேண்டுமா? எவரும் பயன்படுத்துவதில்லையே.

ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பல செயலிகளில் 'சேமி' பொத்தானில் இருக்கும் அந்தச் சதுரப் படம் நெகிழ்வட்டு என்று தெரியாமல் பிள்ளைகள் தினமும் அதைச் சொடுக்குகிறார்கள். அசல் ஒன்றைக் காட்டினால் போதும், முகம் மலர்ந்துவிடும். அதில் 1.44 மெகாபைட்தான் கொள்ளும். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுகூடப் பெரும்பாலும் நுழையாது. குறுவட்டு 700 மெகாபைட், டிவிடி 4.7 கிகாபைட் (ஜிபி). வரிசையாக மேசையில் வைத்து, உங்கள் விரலியில் இருப்பதைக் கொள்ள எத்தனை நெகிழ்வட்டு வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அது நல்ல வகுத்தல் கணக்கு.

வரலாறு வேண்டுமென்றால் ஒன்று போதும். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடை. கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகள். காந்த நாடாவை மட்டும் செத்துப்போன பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பழைய தரவை இன்றும் நாடாவில்தான் போட்டு வைக்கின்றன.

பழுதான வன்தட்டு ஒன்று கிடைத்தது. வகுப்பில் திறந்து காட்டலாமா?

கட்டாயம் காட்டுங்கள். பத்துப் பக்கம் பாடத்தைவிட அது மேல். முன்கூட்டி இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, ஆறுமுனை நட்சத்திரத் திருப்புளி. மேசைக் கணினி வன்தட்டு பலவற்றுக்கு 8ஆம் எண் பொருந்தும். இரண்டு, பொறுமை. எல்லாத் திருகாணிகளையும் கழற்றியும் மூடி வரவில்லையென்றால் ஒட்டியிருக்கும் தாளை விரலால் தடவிப் பாருங்கள். அதன் அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும்.

மூடி திறந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு. அதன்மேல் குறுக்கே ஒரு கை, கையின் நுனியில் எள்ளைவிடச் சிறிய தலை. தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். 7,200 என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த வேகத்தில் தலை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர். ஆகவே உள்ளே போகும் ஒரு தூசு அதற்குப் பாறாங்கல். திறந்த வன்தட்டை மறுபடி பயன்படுத்த முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். பிள்ளையின் ஒரு விரல் ரேகை தட்டில் பதிந்ததும் இதைச் சொல்லுங்கள், மறக்கவே மறக்காது.

எச்சரிக்கை: கையின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் காந்தங்கள் மிக வலியவை. இரண்டும் ஒட்டினால் இடையில் அகப்பட்ட விரல் நசுங்கும். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. மடிக்கணினி வன்தட்டின் தட்டு கண்ணாடியாகவும் இருக்கலாம். வளைத்தால் சில்லுச் சில்லாகச் சிதறும்.

அக்கா, விரலியைத் திறந்தால் ஒன்றுமே சுற்றவில்லையே. மின்சாரம் இல்லாமல் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது?

உள்ளே இருக்கும் கறுப்புச் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் மின்னணுக்களை (எலக்ட்ரான்களை) சிறைவைக்கலாம்; சுற்றிலும் மின்கடத்தாப் பொருள் சுவராக நிற்பதால் அவை சுலபமாக வெளியேறா. எத்தனை மின்னணு இருக்கிறது என்பதே 0, 1 ஆகப் படிக்கப்படுகிறது. ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டது இது. கைப்பேசியிலும், புதிய மடிக்கணினியில் வன்தட்டுக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியிலும் இருப்பது இதே குடும்பம்தான். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் தேயும். ஆகவே விரலிக்கு ஆயுள் உண்டு.

விரலியைக் கண்டுபிடித்தது யார் என்று பிள்ளைகள் அடுத்துக் கேட்பார்கள். அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் 1999இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000இல் 'தம்ப்டிரைவ்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் பெயர் இன்னொன்று: சிலாங்கூர் செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங். தைவானில் அவரும் நண்பர்களும் தொடங்கிய ஃபைசன் நிறுவனம்தான் 2001இல் விரலியின் கட்டுப்பாட்டு மின்சுற்று முழுவதையும் ஒரே சில்லில் அடக்கியது. நெல்வயலும் மீன்பிடியுமாக இருக்கும் ஊரிலிருந்து போனவர். பினாங்குத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் அண்ணன், அக்காள் பல வீட்டில் உண்டு. பத்து காவானில் மைக்ரோன் ஆலையில் இத்தகைய சில்லுகள் சோதிக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கோ அமெரிக்காவில் நடக்கும் காரியமாக இது தெரியக் கூடாது.

விரலியில் நிறையப் படம் போட்டால் கனம் கூடுமா?

கூடாது. எந்தத் தராசும் காட்டாது. கேட்ட பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுங்கள், நல்ல கேள்வி.

பைட், கிலோபைட் என்று சொன்னால் மாணவர்கள் தூங்கிவிடுகிறார்கள். எப்படிப் புரிய வைப்பது?

அவர்களின் சொந்த எழுத்தை அளக்க விடுங்கள். நோட்பேடைத் திறந்து 'அம்மா' என்று மட்டும் தட்டி, வேறெதுவும் இல்லாமல் சேமிக்கட்டும். கோப்பின் மீது வலது சொடுக்கு, 'பண்புகள்'. அளவு 15 பைட் என்று காட்டும். இப்போது அதே சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டட்டும்: 4 பைட். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

காரணம் இது. ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் ஓர் எண் கொடுத்து இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோட் முறையில், கோப்பில் எழுதப்படும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கிறது. அம்மா என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், ஐம்மூன்று பதினைந்து. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். அடுத்து 'தோட்டம்' எத்தனை என்று தட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஊகிக்கச் சொல்லுங்கள். த, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி: 21. புள்ளிக்கும் இடம் வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பிள்ளை இலக்கணத்தையும் சேர்த்துப் படித்துவிடுகிறது. ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட் என்பதெல்லாம் இதற்குப் பிறகு சுலபம்.

"தமிழ் அதிகம் இடம் பிடிக்கிறதே, ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமா" என்று ஒருவர் கேட்டார். ஒரு நாவல் முழுவதையும் தமிழில் தட்டினாலும் ஒரு கைப்பேசிப் படத்தின் இடத்தில் அடங்கிவிடும். கவலை வேண்டாம்.

15 பைட் சரி. அதற்குக் கீழேயே "வட்டில் உள்ள அளவு" என்று 4 கேபி, 16 கேபி என்று என்னவோ காட்டுகிறதே?

சேமிப்புச் சாதனம் இடத்தைப் பைட் பைட்டாகக் கொடுப்பதில்லை. கட்டம் கட்டமாகக் கொடுக்கும். கட்டத்தின் அளவு விரலிக்கு விரலி மாறும். 15 பைட் கோப்பும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். கணினியின் உள் வட்டில் சேமித்தால் இந்த இடத்தில் 0 என்றுகூட வரலாம்; எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் தன் பெயர்ப் பட்டியலிலேயே மிகச் சிறிய கோப்பை விண்டோஸ் எழுதிவிடுகிறது.

32 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கிறது, கணினியில் 29தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார்; விண்டோஸ் 1,024ஆல் பெருக்குகிறது. 32 ஜிபி என்பது 3,200 கோடி பைட். விண்டோஸின் ஒரு ஜிபி 107 கோடியே 37 லட்சம் பைட். வகுத்தால் 29.8. இதே கணக்கில் 1 டிபி (டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி) வன்தட்டு 931 ஜிபி என்று காட்டும். ஆண்டு 6 பிள்ளைகளுக்கு இதைத் தசமக் கணக்காகவே கொடுக்கலாம்.

இரவுச் சந்தையில் 2 டிபி விரலி 25 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. கணினியும் 2 டிபி என்றே காட்டுகிறது. அப்படியானால் நல்லதுதானே?

இங்கேதான் ஏமாற்று. மலிவான சிறிய சில்லை வைத்துவிட்டு, "நான் 2 டிபி" என்று பொய் சொல்லும்படி கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதிவிடுகிறார்கள். கணினி அதை நம்பிவிடும். உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்குமேல் போடும் கோப்புகளின் பெயர் மட்டும் தெரியும், திறந்தால் திறக்காது. கல்யாணக் காணொளியை இதில் போட்டு வைத்திருப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

சோதிக்க ஒரே வழி, முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. எச்-டூ-டெஸ்ட்-டபிள்யூ என்ற இலவசச் செயலி இதைத் தானே செய்யும். பொறுமை வேண்டும், பெரிய விரலிக்கு ஒரு நாளுக்கு மேல் எடுக்கும்.

வேலை முடிந்ததும் விரலியை அப்படியே பிடுங்கினால் என்ன ஆகும்?

பல நேரம் ஒன்றும் ஆகாது, அதனால்தான் பழகிவிடுகிறது. ஆபத்து எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்குவதில் இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே என்று விரலியில் இருக்கும் பெயர்ப் பட்டியல் பாதி எழுதிய நிலையில் அறுந்தால், ஒரு கோப்பு மட்டுமல்ல, மற்றவையும் காணாமல் போகலாம். மங்கும் ஸ்டோரும் கதையை நினைவூட்டுங்கள்: வழியில் வாளியைத் தட்டிவிட்டதுதான் இது. 'பாதுகாப்பாக வெளியேற்று' என்பதைச் சொடுக்கி, செய்தி வந்தபின் எடுக்கட்டும்.

பள்ளிக் கணினியில் செருகினேன். எல்லாக் கோப்புறையும் சின்ன அம்புக்குறியோடு குறுக்குவழியாக மாறிவிட்டது. படங்கள் போய்விட்டனவா?

போகவில்லை. விரலியின் பண்புகளைத் திறந்து, பயன்படுத்திய இடம் குறைந்திருக்கிறதா பாருங்கள். குறையவில்லையென்றால் உங்கள் கோப்புகள் உள்ளேயே மறைக்கப்பட்டிருக்கின்றன. நச்சுநிரல் (வைரஸ்) தன்னைத் திறக்க வைக்கும் போலிக் குறுக்குவழிகளை முன்னால் வைத்திருக்கிறது. அவற்றைச் சொடுக்க வேண்டாம். முதலில் நச்சுநிரல் சோதனை. பிறகு கோப்புறை விருப்பங்களில், மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தேர்ந்து, பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை என்பதை நீக்குங்கள். அசல் கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். வேறிடத்துக்குப் படியெடுத்த பின் விரலியை வடிவமைத்து (ஃபார்மட்), அதாவது முழுவதும் துடைத்துவிடுங்கள். பள்ளிக் கணினியையும் சுத்தம் செய்யாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி இதே கதைதான்.

பிள்ளையின் சீருடையோடு விரலியையும் துவைத்துவிட்டேன்.

செருக வேண்டாம். மூடியைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். சூடான காற்று வேண்டாம். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் சில்லு சாகும்; வெறும் தண்ணீரை அது பெரும்பாலும் தாங்கும். பிழைத்தால் கோப்புகளை உடனே வேறிடத்தில் எடுத்துக்கொண்டு, அந்த விரலியை வகுப்பில் திறந்து காட்ட என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பி தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டான். விரலியில் அழித்தது எங்கே போகும்? திரும்ப எடுக்கலாமா?

விரலியில் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. ஆனாலும் தரவு அங்கேயேதான் கிடக்கிறது. இந்தக் கட்டங்கள் காலி என்று பெயர்ப் பட்டியலில் மட்டும் குறிக்கப்படுகிறது. கட்டம் என்றால் என்னவென்று மேலே சொல்லியிருக்கிறேன். புதிதாக எதையும் எழுதாதவரை மீட்புச் செயலிகள் அவற்றைத் தேடி எடுத்துவிடும். அந்த நிமிடத்திலிருந்து விரலியைத் தொடாமல் வையுங்கள். மீட்ட படங்களையும் அதிலேயே சேமிக்காதீர்கள். எஸ்எஸ்டியில் நம்பிக்கை குறைவு: காலியான கட்டங்களை அது தானே துடைத்துவிடும். வன்தட்டு 'டிக், டிக்' என்று சத்தமிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் தலை தட்டைச் சுரண்டக்கூடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான டெலிமா இணையத் தளத்தில் போட்டால் மேகத்தில் இருக்கும் என்கிறார்கள். மேகம் எங்கே இருக்கிறது, அக்கா?

தரையில். கட்டடங்களுக்குள் வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகளில், நீங்கள் வகுப்பில் திறந்து பார்த்த அதே வன்தட்டுகளிலும் சில்லுகளிலும். நம் நாட்டில் சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் இத்தகைய தரவு மையங்கள் பல இருக்கின்றன. உன் கோப்பு அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கூகிள் போன்ற நிறுவனங்கள் பல நாடுகளில் பிரித்து வைக்கும்.

கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு பிள்ளை படிக்கும் காலத்துக்கானது. சொந்தப் பெட்டகமாக நினைத்து எல்லாவற்றையும் அங்கேயே விட வேண்டாம். முக்கியமானதற்கு இன்னொரு படி கையில் இருக்கட்டும்.

அப்பாவின் பழைய நெகிழ்வட்டில் சங்கத்துக் கடிதங்கள் இருந்தன. ஒருவழியாகத் திறந்தேன், ஆனால் எல்லாம் புரியாத குறிகளாக இருக்கின்றன. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெடவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு முறையும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைத் தனக்கென்று வைத்திருந்தது. நம் நாட்டில் பலர் பயன்படுத்தியது முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல். அதே பைட்டுகளை வேறோர் அட்டவணையால் படித்தால் குப்பையாகத்தான் தெரியும். முதலில் கோப்பை மாற்றாமல் ஒரு படி எடுத்து வையுங்கள். பிறகு எந்த எழுத்துருவில் தட்டினார் என்று அப்பாவையே கேளுங்கள். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. 'அம்மா' 15 பைட் பாடத்தின் இரண்டாம் பகுதியாக இதை இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் காட்டலாம்.

சரி, தாத்தா காலத்துத் தோட்டப் படங்களை எதில் வைத்தால் பத்திரம்?

எந்த ஒன்றிலும் இல்லை. மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில். தொழில் செய்பவர்கள் நெடுநாளாகப் பின்பற்றும் கணக்கு இது. ஒன்று மடிக்கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று ஈப்போவில் இருக்கும் மாமா வீட்டில் அல்லது மேகத்தில். விரலியைப் பெட்டியில் போட்டுப் பல ஆண்டு மறந்துவிட்டால் சிறைப்பட்ட மின்னணுக்கள் மெல்லக் கசியும். குறுவட்டில் நம் ஊர் ஈரப்பதம் பூஞ்சை பிடிக்க வைக்கும். வெளி வன்தட்டைக் கணினியில் செருகியபடியே விட்டுவிடாதீர்கள்: பேராக் மாலை இடி ஒன்று இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அசல் காகிதப் படத்தை மட்டும், வருடி (ஸ்கேன் செய்து) வைத்துவிட்டோமே என்று தூக்கி எறியாதீர்கள்.

திறந்து காட்டி முடித்த வன்தட்டை எங்கே போடுவது?

வீட்டுக் குப்பையில் வேண்டாம். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் மின்கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டின்கீழ் வருகிறது. அதை எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. பள்ளியோ கடையோ மொத்தமாகச் சேர்த்துக் கொடுக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அலுமினியம் போக மீதி ஆற்றோரம் போகும். கொடுப்பதற்கு முன் தட்டில் ஆழமாகக் கீறிவிடுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் துணியில் சுற்றித் தட்டி உடையுங்கள். காந்தங்களைத் தனியாகக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளலாம், அறிவியல் ஆசிரியர் கேட்டு வாங்கிப் போவார்.